வாங்கியவரின் சாட்சியம்

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவர், அதனைப் பற்றி விரும்பியதையெல்லாம் சொல்லிவிடலாமா? “ஏன் சொல்லக்கூடாது? காசு என்னுடையது, பொருளும் என்னுடையது, பிடித்தால் புகழ்வேன், பிடிக்காவிட்டால் இகழ்வேன்” என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். கேட்பதற்கு நேர்மையான விடையே. ஆயினும் நாம் கொடுத்த காசு பொருளைத்தான் நமக்கு உடைமையாக்குகிறது, உண்மையை உடைமையாக்கிவிடுவதில்லை. பொருளைப் பற்றி நாம் உரைக்கும் சொல், நம் வாயைவிட்டு நீங்கியதும் இன்னொருவருடைய காசைத் தொடுகிறது. மற்றொருவருடைய பிழைப்பையும் தொடுகிறது. ஆதலின் இதனை உரிமை என்ற ஒரு சொல்லால் கூறி முடித்துவிட இயலாது. இஃது ஒரு பொறுப்பு. நம் இல்லங்களில் வழங்கும் சொல்லால் கூறினால் ஓர் அமானத்.

நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்ததில்லை. மேல்மலையனூரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நாம், கையால் தொட்டுப் பார்த்தே பொருள் வாங்கிப் பழகியவர்கள். செஞ்சியில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனவர், அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்; முதுகை அழுத்திச் சதைப்பிடிப்பை அறிவார்; நாலடி நடக்கவிட்டுக் காலில் ஊனம் உண்டா எனக் கவனிப்பார். குர்பானிக்குத் தேடுபவராயின் கண்ணையும் காதையும் கூடச் சோதிப்பார். சைக்கிள் கடையில் பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்து, கேரியரை அழுத்திப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தனர். கண்ணால் கண்டும் தீராத ஐயத்தை, முன்பே வாங்கிய மாமாவிடமோ மச்சானிடமோ கேட்டுத் தீர்த்துக்கொண்டனர். சொன்னவர் யார், அவர் பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பது கேட்டவருக்குத் தெரிந்திருந்தது.

அமாவாசை இரவில் நம் ஊர் அங்காளம்மன் கோயிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் திரளும் பெருங்கூட்டத்தைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். அன்றிரவு கடை விரிப்பவரிடம் வாங்கிச் செல்பவர், மறுநாள் பொருள் பழுது என்று திரும்பி வந்து நிற்கப் போவதில்லை. தெருமுனைக் கடைக்காரரோ நாள்தோறும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். முன்னவருடைய நாணயத்துக்கு அவருடைய மனச்சாட்சி ஒன்றே காவல்; பின்னவருக்கு மனச்சாட்சியோடு ஊர்வாயும் காவல். இன்று கைப்பேசித் திரையில் நடக்கும் வணிகம் முழுவதும் அந்த அமாவாசை இரவு வணிகத்தின் தன்மை உடையது. விற்பவர் எந்த ஊரினர் என்று வாங்குபவர் அறியார். வாங்குபவர் முகத்தை விற்பவர் அறியார். பொட்டலத்தைப் பிரிக்கும்வரை பொருளின் மெய்யான நிறங்கூடத் தெரியாது. இந்நிலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் விளக்கு, முன்பு வாங்கியவர்கள் எழுதி வைத்த நான்கு வரிகளும், ஒன்று முதல் ஐந்து வரை இட்டுச் சென்ற நட்சத்திரங்களும்தாம். ஊர்வாய் இருந்த இடத்தில் இப்போது அவை இருக்கின்றன. ஊர்வாய்க்கு முகம் இருந்தது. இவற்றுக்கு முகம் இல்லை என்பதே வேறுபாடு.

வாங்குபவருக்குரிய உரிமைகளை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்குக் ‘கியாருல் ஐபு’ என்று பெயர். பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ ஹனஃபி மத்ஹபு தனியே ஓர் உரிமை வழங்குகிறது. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தோ, கண்ணால் காணாத குறிப்பிட்ட ஒரு பொருளை விற்பதையே ஏற்பதில்லை. நம் நாட்டுச் சட்டமும் இவ்வகையில் வாங்குபவரைக் கைவிடவில்லை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பலகை மாட்டிவிடுவதால் அக்கடமை தீர்ந்துவிடாது.

நிற்க. இவையெல்லாம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடைப்பட்டவை. நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புவது மூன்றாமவரை. நாம் எழுதியதைப் படித்து நாளை வாங்கப் போகின்ற, நாம் என்றுமே காணப்போகாத அம்மனிதருக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது?

குறை சொல்வது புறம் பேசுவதாகிவிடுமோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அவ்வச்சம் நல்லதே; ஆனால் இடமறிந்து அஞ்ச வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் நூலில், பிறர் குறையை எடுத்துரைக்க இடமுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்துகிறார்கள். மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும், ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதை உரைப்பதும் அவற்றுள் அடங்கும். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்டதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரை வினவியதும் நாம் அறிந்த நிகழ்ச்சி. குவியலுக்குள் கை நுழைக்க வழியில்லாத இன்றைய வணிகத்தில், முன்பு வாங்கியவரே பின்பு வருபவரின் கையாக இருக்கிறார். ஈரத்தைக் கண்ட கை, கண்டதைச் சொல்ல வேண்டும்.

சொல்ல இடமுண்டு என்பதால் எப்படியும் சொல்லலாம் என்றாகிவிடாது. ஹதீஸ் கலையில் இதற்கு நல்ல பாடம் உண்டு. அறிவிப்பாளரின் குறையை எடுத்துரைப்பதும், நம்பகமானவர் என நற்சான்று வழங்குவதும் ‘ஜர்ஹு – தஃதீல்’ என்னும் தனித் துறையாகவே வளர்ந்தன. அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஷுஃபா (ரஹ்) அவர்களிடம், ஒருவருடைய ஹதீஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வினவப்பட்டபோது, அவர் மட்டக் குதிரையை விரட்டிக்கொண்டு சென்றதைக் கண்டதே காரணம் என்று விடை வந்ததாக நூல்கள் கூறுகின்றன. குதிரையை விரட்டுவதற்கும், கேட்ட செய்தியைப் பிசகாமல் உரைப்பதற்கும் என்ன தொடர்பு? ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இத்தகைய எடுத்துக்காட்டுகளை முன்வைத்தே, காரணம் விளக்கப்படாத குறையை ஏற்கலாகாது என்னும் விதியை வலியுறுத்துகிறார்கள். ஒருவர் குறையென்று எண்ணுவது உண்மையில் குறையாக இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரிந்தால்தான் கேட்பவர் அதனை நிறுத்துப் பார்க்க முடியும்.

பொட்டலம் இரண்டு நாள் தாமதித்து வந்தது என்பதற்காகப் பொருளுக்கு ஒற்றை நட்சத்திரம் இடுபவர் யாரைப் பார்க்கிறார்? அந்த மட்டக் குதிரையைத்தான் பார்க்கிறார். “வீண் பொருள், வாங்காதீர்கள்” என்று மட்டும் எழுதிச் செல்பவர் காரணத்தையும் உடன்கொண்டு போய்விடுகிறார். அவருடைய கோபம் நமக்குக் கிடைக்கிறது, அறிவு கிடைப்பதில்லை.

இனி நம் வீடுகளுக்குள் வந்து சேரும் நான்கு வகைப் பொருள்களை எடுத்துக்கொண்டு, சாட்சியத்தின் எல்லை எங்கெங்கே விழுகிறது எனக் காண்போம்.

முதலாவது, சைக்கிளுக்கு வாங்கும் உதிரிகள். தமிழ்நாட்டில் 2001–02ஆம் கல்வியாண்டில் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், கிராமத்துப் பிள்ளைகள் பலர் சொந்த வண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் நிலை வந்தது. வண்டி வந்தபின் அதற்கு விளக்கு, பூட்டு, பிரேக் கட்டை, சீட் உறை எனத் தேவைகள் தொடரும். பொட்டலத்தைப் பிரித்த அன்றே, “மிக அருமை” என்று ஐந்து நட்சத்திரம் இடுவோரைப் பார்க்கிறோம். அருமை என்று அவர் எதனைக் கண்டார்? பளபளப்பைக் கண்டார். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டை காய்ந்த சாலையில் பிடிப்பதுபோல் ஈரத்தில் பிடிப்பதில்லை. முன்விளக்கின் தரம் முதல் மழையிலும், பத்தாம் முறை மின்னேற்றிய பின்னரும்தான் தெரியவரும். மாலை வகுப்பு முடிந்து, விளக்கில்லாத ஏரிக்கரைச் சாலையில் வீடு திரும்பும் ஒரு பெண்பிள்ளைக்கு அவ்விளக்கை அவளுடைய தந்தை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த அன்று எழுதப்பட்ட புகழ்ச்சியை நம்பித்தான் அவர் வாங்குகிறார். பெய்யாத மழைக்கு நாம் சாட்சி சொல்லலாகாது. “வாங்கி மூன்று நாள் ஆயிற்று, மழையில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை” என்று எழுதுவதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? இங்கே சாட்சியத்தின் எல்லை காலம்.

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 200 ரூபாய் விளக்கை 2,000 ரூபாய் விளக்கின் ஒளியோடு ஒப்பிட்டு இகழ்வது நீதியாகாது. கொடுத்த விலைக்கு எதனை எதிர்பார்ப்பது முறையோ அதனை வைத்தே குறையை அளக்க வேண்டும். வணிகர் வழக்கில் எது பொருளின் மதிப்பைக் குறைக்குமோ அதுவே ‘ஐபு’ என்று சட்ட அறிஞர்கள் அதற்கு அளவுகோல் வகுத்ததும் இந்த நீதி கருதியே. தராசு விற்பவர் கையில் மட்டும் இருப்பதன்று. பிறர் பொருளின் மதிப்பைக் குறைத்துப் பேசும் வாங்குபவரும் எடையில் மோசம் செய்தவராகலாம்.

இரண்டாவது, உடற்பயிற்சிக்கென்று கையில் கட்டும் கருவிகள். நடக்கும் அடிகளையும் நாடித் துடிப்பையும் கணக்கிடும் கடிகாரங்கள் இன்று நம் வீட்டு முதியோர் கைகளிலும் ஏறிவிட்டன. நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று அவை நினைவூட்டுகின்றன. அந்த எண் மருத்துவர் எழுதித் தந்த அளவு என்றே பலர் நம்புகின்றனர். 1965இல் ஜப்பானில் யமாசா என்னும் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து அது பரவியது. ‘மன்போ-கெய்’ என்ற அப்பெயருக்குப் பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி 72 வயதுடைய மூதாட்டியர் 16,741 பேரை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைந்திருந்ததையும், 7,500 அடிக்குமேல் அப்பயன் மேலும் பெருகாததையும் அது கண்டது. ஒரு விற்பனைப் பெயர் உலகத்தார் நாவில் உண்மையாகிப் போனதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இக்கருவியை வாங்கியவர், “துடிப்பைத் துல்லியமாகக் காட்டுகிறது” என்று எழுதுகிறார். துல்லியம் என்று எவ்வாறு அறிந்தார்? மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாரா? மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டாரா? இரண்டும் இல்லையெனில், கடிகாரம் ஓர் எண்ணைக் காட்டுகிறது என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி. வார் தோலை உறுத்துகிறதா, மின்னேற்றம் எத்தனை நாள் தாங்குகிறது, எழுத்துகள் முதியோர் கண்ணுக்குப் புலப்படுகின்றனவா என்பனவற்றுக்கு அவர் முழுச் சாட்சி. இவ்வேறுபாடு உயிரையே தொடக்கூடியது. தோலைக் குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவைக் கண்டு இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டியோ குறைத்தோ கொள்பவருக்கு நேரக்கூடிய கேடு பெரிது. “என் தந்தைக்கு வாங்கினேன், சர்க்கரையைச் சரியாகக் காட்டுகிறது” என்று ஒருவர் நல்லெண்ணத்தோடே எழுதிய ஒரு வரி, எங்கோ ஒரு வீட்டில் இன்னொருவருடைய தந்தையைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். நல்லெண்ணம் அறிவின் இடத்தை நிரப்பாது. இங்கே சாட்சியத்தின் எல்லை அறிவு.

மூன்றாவது, நாவல். நூலை வாங்கியவர் அதன் பதினாறு பக்கங்கள் விடுபட்டிருந்தன, அச்சு மங்கியிருந்தது, கட்டு அவிழ்ந்தது என்று சொன்னால் அது குறை. திருப்பித் தரத் தக்க குறை. “கதை மெதுவாகச் செல்கிறது, மொழி விளங்கவில்லை” என்றால் அது குறையா? தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு அதில் நிறைந்திருக்கிறது. செஞ்சிப் பக்கத்து வாசகருக்கு முதல் இருபது பக்கங்கள் கரடுமுரடாகத் தோன்றலாம். பொறுமையோடு பழகியவருக்கு அப்பேச்சே நாவலின் உயிராகிவிடும். ஆகவே, “எனக்கு விளங்கவில்லை” என்பது மெய்ச்சாட்சியம். “விளங்காத நூல்” என்பது தம்மைப் பற்றிய செய்தியை நூலின் மேல் ஏற்றிவிடுவது. சுவையைச் சொல்லவே கூடாது என்பது நம் கருத்தன்று. எவ்வகை வாசகர், எதனை எதிர்பார்த்துப் புகுந்தார், எங்கே ஏமாந்தார் என்று கூறிவிட்டால், படிப்பவர் தம் சுவையை அதனோடு ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்துகொள்வார். இங்கே எல்லை, பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள கோடு.

நான்காவது, மென்பொருள். இது மற்ற மூன்றையும் போலன்றி, வாங்கிய பின்னும் மாறிக்கொண்டிருப்பது. தமிழ் எழுத்துருக்களின் வரலாறே இதற்குச் சான்று. 1990களில் அச்சகங்களும் சிற்றிதழ்களும் விலைக்கு வாங்கிய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியாக்கத்தில் இருந்தன. ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. தமிழக அரசு 1999இல் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1998இல் ஓர் எழுத்துருவை வாயாரப் புகழ்ந்தவர் பொய்யுரைத்தவர் அல்லர். ஆனால் அப்புகழ்ச்சியை 2010க்குப் பின்னர் ஒருவர் தேதியின்றிப் படித்து அதனையே வாங்கினால், மெய்யான சொல்லே அவரை ஏமாற்றிவிடும். சாட்சி மெய்யாக இருந்தும் நாள் கடந்துவிட்டால் வழி தவறச் செய்யும். எந்தப் பதிப்பை, எந்த நாளில், எவ்வகைக் கணினியில் பயன்படுத்தினோம் என்பதைக் குறிப்பது இங்கே சாட்சியத்தின் பாதி.

இதுகாறும் கூறியவை அறியாமையால் நேரும் பிழைகள். அறிந்தே செய்வன வேறு. பொட்டலத்துக்குள் ஒரு சிறு அட்டை இருக்கிறது: ஐந்து நட்சத்திரம் இட்டுப் படம் பிடித்து அனுப்பினால் நூறு ரூபாய் உங்களுக்கு. அந்நூறு ரூபாய்க்கு நாம் எதனை விற்கிறோம்? நம்மை நம்பிய ஒருவரின் நம்பிக்கையை விற்கிறோம். வாங்கும் எண்ணமில்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்குவதற்கு ‘நஜ்ஷு’ என்று பெயர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். கூலிக்குப் புகழ்வது அதன் உடன்பிறப்பு. நாட்டின் சட்டமும் இதனைக் கண்டுகொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் வாங்கியவர்போல் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டது. பொய் மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் அமெரிக்க விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் நன்றே. ஆயினும், நம் இல்லத்துக் கூடத்தில் அமர்ந்து நாம் இடும் நட்சத்திரத்தை எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்?

மற்றொரு பக்கமும் இருக்கிறது. “பணத்தைத் திருப்பித் தருகிறாயா, இல்லை கேவலமாக எழுதட்டுமா?” என்று சிறு வணிகரை மிரட்டும் வாங்குபவரும் பெருகியுள்ளனர். குறை மெய்யானால் பணத்தைக் கேட்பது உரிமை; வணிகர் மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. சாட்சியத்தைக் கத்தியாக ஏந்துவது உரிமையாகாது. பணம் கிடைத்ததும் எழுதிய உண்மையை அழித்துவிடுவதும் அத்தகையதே. அடுத்து வருபவருக்குச் சேர வேண்டியதைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் செயல் அது. விற்பவர் மனம் வருந்திப் பழுதைச் சரிசெய்து கொடுத்தாரெனில், முன் எழுதியதன் கீழே அதனையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

“ஆயிரம் பேர் எழுதியிருக்கும் இடத்தில் என் ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும்?” என்பார்க்கு ஒரு விடை உண்டு. குவியல் என்பது மணிகளால் ஆனது. ஒவ்வொரு மணியும் இவ்வாறே எண்ணினால் குவியல் முழுவதும் நனைந்துவிடும். “எழுத எனக்கென்ன கட்டாயம்?” என்பார்க்கும் விடை உண்டு. முகமறியாத யாரோ சிலர் நேரம் செலவிட்டு எழுதியதைப் படித்துத்தானே நாம் வாங்கினோம்? அந்தக் கடனை அவர்களிடம் தீர்க்க வழியில்லை. அடுத்து வருபவரிடம்தான் தீர்க்க வேண்டும். மனநிறைவு அடைந்தவர்கள் வாளாவிருக்க, கோபமுற்றவர்கள் மட்டும் எழுதினால், நல்ல பொருளைச் செய்து தரும் எளிய தொழிலாளிக்கு அநீதி நேர்கிறது. குறையைச் சொல்லத் துடிக்கும் விரல், நிறையைச் சொல்லவும் அசைய வேண்டும்.

தமிழில் சாட்சிக்குச் சான்று என்று பெயர். குணத்தால் நிறைந்தவர்க்குச் சான்றோர் என்று பெயர். சான்று சொல்பவர் சான்றோராய் இருத்தல் வேண்டும் என்பதை அச்சொற்களே நமக்கு நினைவூட்டுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே கைப்பேசியில் வாங்கவும் எழுதவும் நன்றாகத் தெரிகிறது; பெரியவர்கள் அவர்களைக் கொண்டே வாங்குகிறோம். அடுத்த முறை மதிப்புரை எழுதப் பிள்ளை அமரும்போது அருகில் அமர்ந்து கேளுங்கள்: எத்தனை நாள் பயன்படுத்தினாய்? இதனை அளந்தறிய உனக்கு வழி இருந்ததா? குறை பொருளிலா, உன் விருப்பத்திலா? உனக்கு யாரேனும் காசு தருகிறார்களா? விற்றவர் உன் எதிரே நின்றாலும் இதையே சொல்வாயா? இந்த ஐந்துக்கும் விடை சொன்ன பின்னர் அப்பிள்ளை எத்தனை நட்சத்திரம் இட்டாலும் இடட்டும். அது சாட்சியம்.